ஒண்ணாப்போடு சேர்த்துவைத்த தட்டுகள்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அடுத்தபடியாக, நடுவில் எந்தத் தடுப்பும் இருக்கப் பொறுக்காத ஒரே ஜீவன் எங்கள் ஒண்ணாப்போடுதான்.

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நானும் அவரும் வேலை பார்த்தோம். கான்டீனில் இலை விழுந்ததும், “சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் ஒண்ணாப் போடுங்க. உள்ள போனா ஒண்ணுதானுங்களே!” என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது; நிஜப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும்.

எங்கள் இயந்திரம் பீரோ உயரம். யூனிக்ஸ் என்ற புதுச் சங்கதியில் ஓடியது. தகவலெல்லாம் தோசைக்கல் அகலக் காந்தத் தட்டுகளில். இயந்திரத்துக்கென ஒன்று போக, கணக்கதிகாரி ராமநாதனுக்கு ஒன்று, ஸ்டோர்ஸ் அதிகாரி சிவசாமிக்கு ஒன்று. மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்ற தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தி வருஷங்களாகியிருந்தன. மாலையானால் அவரவர் தட்டை அவரவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள்.

ராமநாதனின் தட்டு நிரம்பிவிட்டது. சிவசாமியுடையதில் பாதி காலி.

“அவர்கிட்ட எடம் கேக்கறதுக்கு நான் சிலேட்டுல கணக்கெழுதிப்பேன், ஓய்!” என்றார் ராமநாதன்.

ஒண்ணாப்போடு யூனிக்ஸ் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு துள்ளினார். “ஏனுங்க, தட்டுப் பேருக்குப் பதிலா இந்த நம்பரைக் குடுத்தா ரெண்டு தட்டையும் மெஷினு ஒரே தட்டுன்னு நெனச்சுக்குமுங்க! ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல!”

மேலாளரிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சேர்த்தேவிட்டார். இடப் பஞ்சம் போயிற்று. ஒரு மாதம் சொர்க்கம்.

பிறகு யாரோ சிவசாமியிடம் போட்டுக்கொடுத்தார்கள். அவர் கோபத்தில் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லீவு போட்டு, மலைமேல் இருக்கும் சொந்த ஊரான அகளிக்குப் போய்விட்டார். மறுநாள் தலைமை அலுவலக ஆட்கள் கணக்குப் பார்க்க வருகிறார்கள்!

ராமநாதன் தம் தட்டை மட்டும் மாட்டச் சொன்னார். இயந்திரம் உளறியது.

“என் கணக்கெல்லாம் எங்க ஓய்?”

“பாதி உங்ககிட்ட, பாதி அகளியிலீங்க.”

மூவரும் பஸ் பிடித்தோம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ராமநாதன் ஒவ்வொரு தெய்வத்தைக் கூப்பிட்டார். சிவசாமி வீட்டில் நுழைந்ததும் ராமநாதன் அலறிவிட்டார். தட்டுப்பெட்டியின் மேல் மோர்ச்சட்டி!

“எம்பட தட்டு. தரமாட்டேனுங்க” என்றார் சிவசாமி.

“வெச்சுக்கங்க. ஆனா உங்க நட்டு, போல்ட்டுக் கணக்குல பாதி இவருகிட்ட இருக்குதுங்க” என்ற ஒண்ணாப்போடு, சட்டியைத் தூக்கி மோரை நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார்.

சிவசாமி ராமநாதன் பக்கம் திரும்பினார். “எம்பட போல்ட்டை நீங்க வெச்சிருக்கீங்களா?”

“நீர் மட்டும் என்னவாம்? ஆபீஸ் வரவுல பாதி உம்மாத்து மோர்ச்சட்டிக்குக் கீழன்னா இருக்கு!”

அப்புறம் யார் நிறுத்த? மின்விசிறி விவகாரம் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி நடந்தது. நடுவில் யார் முதலில் சிரித்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் பெட்டி இருவர் மடியிலும் பாதிப்பாதி.

“மெதுவாப் பிடியும்!”

“நீங்க ஆட்டாதீங்க!”

மறுநாள் காலை இரண்டு தட்டும் சுழன்றன. பிரிண்டர் கடகடவென்று முழுக் கணக்கையும் கக்கியபோது ராமநாதன் சிவசாமியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். வந்தவர்கள், இந்த ஆபீஸில் இவ்வளவு ஒற்றுமையா என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் ஒண்ணாப்போடுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப ராமநாதன், சிவசாமி, நான் மூவரும் போயிருந்தோம். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒருவருக்கும் ஆபீஸுக்குத் திரும்ப மனம் வரவில்லை.