ஒரு லைட் மங்கல்

ஜீப் நகரவில்லை.

கூடலூர் பஜாரில், தன் இரும்புக்கடைக்கு மேலே மொட்டை மாடியில் நின்ற ஜெய்லானி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். தென்மேற்கே குமுளி மலைப்பாதை இருக்கும் திசையில் இரண்டு விளக்குகள். ஒன்று புது எவர்சில்வர் குடம்போலப் பளிச்சென்றிருந்தது. அதன் பக்கத்தில், கொஞ்சம் மேலே தூக்கினாற்போல், இன்னொன்று மங்கலாக.

ஊரில் கரண்ட் இல்லை. 2008 கார்த்திகையில் கரண்ட் இருந்தால்தான் அது செய்தி. மழை பெய்து ஓய்ந்த இருட்டில் மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்புகள் பொழுது சாய்ந்து இறங்கும்போது, அந்த வெளிச்சத்தை வைத்தே கீழே பல வீடுகளில் காரியம் நடக்கும். மேல் வளைவில் விளக்கு தெரிந்தால் புருஷன்மார் அடுப்பில் உலை வைப்பார்கள். நடு வளைவு தாண்டினால் அரிசியைக் களைவார்கள். எந்த விளக்கு எந்த ஜீப் என்பது ஊருக்கே பாடம். அதிலும் ஜெய்லானியின் ஜீப்பைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். ஒரு லைட் மங்கல்.

"அதை மாத்தித் தொலைங்களேன்" என்று மனைவி லத்திபா சொல்லாத மாதம் கிடையாது.

"ரெண்டு லைட்டும் பாக்கப்போறது ஒரே ரோட்டைத்தானே? ஒண்ணு நல்லா எரியுதுல்ல?" என்பார் ஜெய்லானி.

அந்த ஜீப்பில்தான் இன்றைக்கு லத்திபா வருகிறாள். குமுளியில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பெண்களோடு இறங்கி வருவதாகச் சொல்லிப் போனவள். மஃரிப், அந்தித் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

ஜெய்லானி கைப்பிடிச் சுவரில் எக்கி, எதிர்த்த டீக்கடையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"யோவ் கோட்டை! செத்த மேல வாய்யா."

டீக்கடைக் கோட்டைச்சாமியின் மனைவி அன்னத்தாயும் அதே ஜீப்பில் வருகிறவள்தான். மாடிக்குப் படி கிடையாது. படி கட்டினால் சிமெண்டு போகும் என்று ஜெய்லானி மூங்கில் ஏணி சாத்தி வைத்திருந்தார். கோட்டைச்சாமி அதில் ஏறி வந்து, கையை நெற்றிக்குக் குடை பிடித்துப் பார்த்தார்.

"ஒரு லைட்டு மங்கல். உங்க ஜீப்பேதான் பாய்."

"நகரக் காணோமே?"

"எங்குட்டு நகரும்? ஒரு பக்கமாத் தூக்கிக்கிட்டு நிக்குது, தெரியல? ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கிருச்சு."

ஜெய்லானி டிரைவர் தமிழ்மாறனுக்குப் போன் போட்டார். மலையேறிவிட்டால் சிம்கார்டு கேரளாவுக்குக் குடிபோய்விடும். ஒரு பெண்குரல் மலையாளத்தில் இனிமையாக ஏதோ சொல்லி முடித்தது.

"என்னங்குது?" என்றார் கோட்டைச்சாமி.

"எல்லைக்கு வெளிய போயிட்டாகளாம்."

"ரோட்டோட எல்லையா பாய்?"

ஜெய்லானி விறுவிறுவென்று ஏணியில் இறங்கினார்.

கடையிலிருந்ததிலேயே பெரிய டார்ச்சை எடுத்துவந்து, மலையைப் பார்த்து அணைத்து அணைத்து அடித்தார் ஜெய்லானி. அந்த நேரம் பார்த்து மேகத்துண்டு ஒன்று குறுக்கே போனது. மலையில் இரண்டு விளக்கும் அணைந்தன. மறுபடி எரிந்தன.

"டிம் அடிக்கிறான்!" என்று குதித்தார் கோட்டைச்சாமி. "நம்மளப் பாத்துட்டான் பாய்!"

"என்ன சொல்றான்?"

"என்னத்தச் சொல்வான்? காப்பாத்துங்கன்றான்."

டார்ச் அடித்திருக்கவே வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. ஜெய்லானியும் கோட்டைச்சாமியும் கீழே இறங்கி வந்தார்கள். மலை நன்றாகத் தெரியும் பஜாரின் தெற்கு முனைக்கு எல்லோரும் நகர்ந்தார்கள். ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். அச்சு முறிந்திருக்கும் என்றார் ஒருவர். பாறை உருண்டு வந்து தாங்கி நிற்கிறது, பாறை நகர்ந்தால் போச்சு என்றார் இன்னொருவர். பக்கத்திலிருந்து பார்த்தவர்கூட இத்தனை விவரம் சொல்லியிருக்க முடியாது.

கூட்டத்தில் நின்ற ஆதித்தனிடம் டிராக்டர் இருந்தது. கட்டி இழுக்க வடமும் இருந்தது. வாடகையைச் சொன்னான். சொல்லிவிட்டு, ஜெய்லானி அதில் பாதி கேட்பார், தான் கோபித்துக்கொண்டு நாலடி நடக்க வேண்டும், அவர் கூப்பிட வேண்டும் என்ற முறைப்படி ஒரு காலைத் திருப்பியும் வைத்தான்.

"சரி, கிளம்பு" என்றார் ஜெய்லானி.

கூட்டம் கப்பென்று அடங்கியது. ஆணி வாங்கினாலும் கொசுறு ஆணி கேட்கிற மனிதர், சொன்ன வாடகைக்குத் தலையாட்டிவிட்டார். விஷயம் எவ்வளவு பெரிது என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆதித்தன் திருப்பிய காலை மறுபடி இந்தப் பக்கம் வைத்தான். "வாடகையெல்லாம் இருக்கட்டும் பாய். டீசலுக்கு மட்டும் குடுங்க" என்று தானாகவே இறங்கிவந்தான். கூடலூர் பஜாரில் விற்கிறவன் விலையைக் குறைத்து, வாங்குகிறவன் குறைக்காமல் நின்ற ஒரே பேரம் அதுதான். வடத்தோடு நாலு ஆட்களும் தாவி ஏற, டிராக்டர் மலையடியிலிருக்கும் லோயர் கேம்ப் பக்கமாய் உறுமிக்கொண்டு ஓடியது. யாரும் யாரிடமும் கூலி பேசவில்லை. வாய்க்கு வாய் வழக்குப் பேசுகிற ஊர்தான். ஆனால் ஒருத்தர் வீட்டு அடுப்பு எரியாது என்று தெரிந்தால் அத்தனை பேரும் ஓடி வருவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

ஜெய்லானி மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன் மணி அடித்தது. ஆதித்தன்.

"பாய், டிராக்டர் மொத வளைவுல மல்லாந்துருச்சு. மல்லாந்துருச்சுன்னா, அம்புட்டுக்கு இல்ல. குறுக்க நின்னுக்கிச்சு. மேலயும் போகாது, கீழயும் வராது. சபரிமலை போற சாமி வண்டியெல்லாம் பின்னாடி வரிசையா நிக்குது. சரணம் போட்டுத் தள்ளுறாக."

"அப்ப வேற வண்டி அனுப்பவா?"

"எது வழியா அனுப்புவீக? வழிலதான் நான் நிக்கிறேன்ல!"

காப்பாற்றப் போனவன் காப்பாற்றும் பாதையையும் அடைத்துவிட்டான். ஜெய்லானி மறுபடி தமிழ்மாறனுக்குப் போட்டார். இந்தமுறை எல்லை, கில்லை எதுவும் இல்லை. சுவிட்ச் ஆஃப்.

"இறங்குது பாய்!" என்று அலறினார் கோட்டைச்சாமி.

உண்மைதான். முதலில் பார்த்ததைவிட இரண்டு விளக்குகளும் கீழே வந்திருந்தன. ஓடி இறங்கவில்லை. ஆட்களை ஏற்றிய வண்டி ஈரமண்ணில் வழுக்குவதுபோல, கண்ணுக்குத் தெரியாமல், அங்குலம் அங்குலமாக.

ஜெய்லானி அந்தச் சகதியிலேயே மண்டியிட்டு இரு கைகளையும் ஏந்தினார். வியாபாரியாகப் பிறந்தவர். பிரார்த்தனையிலும் முதல் விலையைக் குறைத்துத்தான் கேட்க வந்தது.

"யா அல்லாஹ்! லத்திபாவை முழுசா என்கிட்டச் சேத்துரு. நாளைக்கே லைட்டை மாத்திடுறேன்."

விளக்குகள் இன்னும் ஒரு பிடி இறங்கின. சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போகும் வாடிக்கைக்காரரைப் பார்த்ததுபோல் ஜெய்லானி பதறினார்.

"ரெண்டு லைட்டையும் மாத்துறேன்! மாடிக்குப் படி கட்டுறேன்! அவ கேட்ட மாதிரியே, கைப்பிடி வச்சு, நல்ல சிமெண்டுல!"

"நானும் சீட்டாடுறத விட்டுர்றேன் கருப்பா!" என்று பக்கத்தில் விழுந்தார் கோட்டைச்சாமி. "இனிமே அன்னத்தாய் சம்பளத்துல கையே வைக்க மாட்டேன்!"

பளிச்சென்றிருந்த விளக்கு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் உரசி, நடுங்கி, சட்டென்று அணைந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. மங்கல் விளக்கு மட்டும் தனியே நின்றது.

"ஷர்மின்!" என்று ஜெய்லானி உடைந்தார். "எம் மக ஷர்மினை மதுரைக்குப் படிக்க அனுப்ப மாட்டேன்னு சொன்னேன்ல? அனுப்புறேன். வர்ற வருசமே அனுப்புறேன்."

இருட்டில், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் தழுதழுப்பாய்க் கேட்டது. "ஹாஸ்டல்ல சேத்தா, தெனம் பஸ்ஸுலயா?"

"ஹாஸ்டல்லதான்!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார் ஜெய்லானி. "அவ என்ன படிக்கணும்னு சொல்றாளோ அதான்! ஊரே சாட்சி!"

மங்கல் விளக்கும் அணைந்தது.

 ஜெய்லானி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"போதும், எந்திரிங்க" என்றது லத்திபாவின் குரல். "வேட்டியெல்லாம் சகதி."

அவர் திரும்பினார். லத்திபா நின்றாள். பின்னால் தூக்குவாளிகளோடு தோட்டத்துப் பெண்கள். ஜெய்லானி மலையைக் காட்டினார், அவளைக் காட்டினார், மறுபடி மலையைக் காட்டினார்.

"சாமி வண்டிக் கூட்டம்னு போலீஸு இந்தப் பாதையில விடல. கம்பம் மெட்டு வழியாச் சுத்தி வந்தோம்" என்றாள் லத்திபா.

"அப்ப அங்கன விழுந்தது யாரு ஜீப்பு?" என்று கோட்டைச்சாமி மறுபடி ஆரம்பித்தார்.

"யாரும் விழலண்ணே. பளிச்சுன்னு நின்னது வெள்ளி. மேல மங்கலா இருந்தது வியாழன்."

கூட்டம் வாயைப் பிளந்தது.

"நட்சத்திரம்னா மினுக்மினுக்குன்னு கண்ணு கொட்டும். இது ரெண்டும் அசையாம முழிச்சுப் பாக்கும். அத வச்சே சொல்லிரலாம்" என்றாள் லத்திபா. "மாசாமாசம் பிறை பாக்க ஏணியில ஏறுறேன்ல? பிறை பாத்ததும் இறங்கி ஓட மனசு வராது. போன மாசம் ரெண்டும் எட்ட எட்ட நின்னுச்சு. தெனம் ஒரு விரக்கடை கிட்ட வந்துச்சு. பேரெல்லாம் ஷர்மின் புஸ்தகத்துல பாத்துக்கிட்டேன். இன்னும் ரெண்டு மூணு நாள்ல பாருங்க, பிறையும் வந்து பக்கத்துல உக்காரும். மூணும் ஒண்ணா நிக்கிறது அம்புட்டு அழகா இருக்கும்."

எல்லோரும் ஒன்றுமில்லாத அந்த இருட்டையே பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாய் அந்தத் திசையில் ஜீப்பை மட்டுமே தேடிய ஊர் அது. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலிருக்கும் இரண்டு கிரகங்களைப் பிடித்து, ஒன்றின் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி, மீட்க டிராக்டரும் அனுப்பியிருந்தது. அதே இருட்டைப் பார்த்து ஒருத்தி அவற்றுக்குப் பேர் சொல்லி, நடையளந்து, அடுத்து யார் வரப்போகிறார்கள் என்பதும் தெரிந்து வைத்திருக்கிறாள். ஜெய்லானி மனைவியைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது. அதைவிட அதிகமாய் மலைப்பு இருந்தது.

"எந்தப் பக்கம்? நாளைக்கு எனக்குக் காட்டு" என்றார் சின்னக் குரலில்.

கரண்ட் வந்தது. ஆதித்தனின் டிராக்டரை இழுத்துவர, நன்றாகவே இருந்த ஜெய்லானியின் ஜீப் வடம் கட்டிக்கொண்டு கிளம்பியது. கூட்டம் கலைந்தது. கோட்டைச்சாமி அசடு வழிந்துகொண்டு மனைவியிடம் வந்தார்.

"ஏ புள்ள, இப்பத்தான் வந்தியா? நான் இன்னும் உலைகூட வைக்கலையே."

அன்னத்தாய் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இப்பவா? நாங்க வந்து எம்புட்டு நேரமாச்சு! 'வெள்ளியும் வியாழனும் மலைக்குள்ள இறங்கி முடியுற வரைக்கும் யாரும் மூச்சுவிடாதீக, இந்த மனுசன் வெலைய இன்னும் ஏத்துவாரு'ன்னு லத்திபாக்காதான் எங்களை இருட்டுக்குள்ள நிறுத்தி வச்சாக."