உருக்கரின் சவரக்கத்தி

எங்கள் புளியங்கூடலில் எந்த இரும்பும் உருக்கரின் கண்ணில் பட்ட பிறகு பழைய உருவத்தில் மிஞ்சியதில்லை. தெற்கே சிங்கள ஊரொன்றில் புகையிலைக் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். இறக்குமதி நின்று சவர பிளேட்டுக்கும் தட்டுப்பாடு வந்த எழுபதுகளில் அவருக்கு ஒரு வெறி பிடித்தது. ஆயுள் முழுக்க உழைக்கிற சவரக்கத்தி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். அன்றிலிருந்து ஊருக்கு அவர் உருக்கர்.

"கத்தி அடிக்கிறது லேசு தம்பி. சரியான உருக்கைப் பிடிக்கிறதுதான் வேலை" என்பார்.

ஒருநாள் நாங்கள் போன காரைநகர் பஸ்ஸின் வில்லுத்தகடு நடுவழியில் முறிந்தது. எல்லாரும் திட்டிக்கொண்டு இறங்கினோம். உருக்கர் மட்டும் சிரித்துக்கொண்டு இறங்கினார். டிரைவரைக் கெஞ்சி அந்தத் துண்டை வாங்கி, சால்வையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அதில் அடித்த கத்தி ஒரு கன்னத்தோடு மழுங்கிப்போனது. பாதித் தாடியோடு திரிந்தபடி தீர்ப்புச் சொன்னார்: "வில்லு வளையப் பிறந்தது. வழிக்கப் பிறக்கேல்லை."

அடுத்தது அவர் மனைவி அன்னமக்காவின் பாக்குவெட்டி. அக்கா காணும்போது அது நெருப்புக்குள் சிவந்து கிடந்தது.

"ஐயோ, அது என்ரை சீதனமெல்லே!"

"இதிலை அரைவாசி உருக்கில்லை அன்னம், வெறும் பச்சை இரும்பு. உம்மடை கொப்பர் என்னை ஏமாத்திப்போட்டார்."

அன்று அவர்கள் குசினியில் அடுப்பு எரியவில்லை. உருக்கர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

கடைசியில் ஊர்காவற்றுறையில் வள்ளம் திருத்துகிற ஒருவரிடம் தேய்ந்த அரம் ஒன்று கிடைத்தது. சாணைக்கல்லில் பிடித்ததும் பொறி பூவாணமாய் வெடித்துச் சிதறியது. நல்ல உருக்கென்றால் பொறி அப்படித்தான் வெடிக்குமாம். "இதுதான், இதுதான்!" என்று துள்ளியவர், நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குக் கலியாணத்துக்கு நாள் வைத்திருந்த நேரம்.

"உம்மடை கலியாணத்துக்கு இதிலை அடிக்கிற கத்தியாலை முகம் வழிக்கிறது நான்தான்."

அம்மா பதறினா. "பொடியனுக்குத் தாலி கட்ட முகம் வேணும்!"

எனக்கும் பயம்தான். ஆனாலும் அந்த மனிதரிடம் மாட்டன் என்று சொல்ல வாய் வரவில்லை. கலியாணக் காலை முற்றத்துக் கதிரையில் இருந்து கண்ணை இறுக மூடினேன். சனம் சுற்றி நின்றது. சவர்க்கார நுரை குளிர்ந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

"துவங்குங்கோ அண்ணை" என்றேன்.

"முடிஞ்சுது, எழும்பும்."

தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக்கையைக் கவனித்தேன். முழங்கை வரை ஒரு மயிர் இல்லை. நெடுகச் சின்னச் சின்ன வெட்டுக் காயங்கள்.

"உம்மடை முகத்திலை காயம் படக்கூடாதெண்டு இந்த மனிசன் தன்ரை கையையும் காலையும் வழிச்சு வழிச்சுப் பாத்தவர் தம்பி" என்றா அன்னமக்கா.

உருக்கர் அவசரமாகச் சட்டைக்கையை இழுத்துவிட்டார். "நேரமாகுது மாப்பிள்ளை, எழும்பும்" என்று என் கன்னத்தைத் தடவிப் பார்த்தபடி அதட்டினார். என் கன்னத்தில் வைத்த கையை மட்டும் அவர் எடுக்கவேயில்லை.