விறைக்குதோ என்று கேட்டதில் வந்த வினை

டொக்டருக்கே அளவெடுத்த நோயாளி உலகத்தில் ஒருத்தர்தான், எங்கள் அப்புத்தளை டெய்லர் அண்ணன். பக்கத்தில் கடை வைத்த பாவத்துக்கு, பதுளையில் ஒரு கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப் போகிற வேலை என் தலையில் விழுந்தது.

முந்தின வருஷம் கழுத்தில் கட்டி வந்து, நிணநீர்ப் புற்றுநோய் என்று மருந்தேற்றி, குணமாகி வந்த மனுஷன். இப்போது இடது கால் தொங்குகிறது, மிஷின் மிதிக்க முடியவில்லை. திரும்பவும் அதுதானோ என்று போனதும் முதலில் நான்தான் கேட்டேன். ரத்தம் சுத்தம், கழுத்திலும் கட்டி இல்லை என்றார்கள்.

யாழ்ப்பாணத்து டொக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "கால் விறைக்குதோ ஐயா?"

"அப்புத்தளைக் குளிருல யாருக்குங்க விறைக்காது? ஸ்வெட்டர் போட்டா சரியாயிடும். அது கெடக்கட்டும், உங்க கோட்டு தோள்பட்ட எறங்கியிருக்கு. கழட்டிக் குடுத்தா பிடிச்சுத் தரேன்."

சப்பாத்தைக் கழற்றச் சொன்னால், "கோட்டு சூட்டு போட்டுட்டு சப்பாத்து இல்லாம நல்லாருக்காதுங்க" என்று மறுத்துவிட்டார். வலி மாத்திரையோடு திரும்பினோம். அடுத்தடுத்த தடவையும் கேள்வி அதே, பதில் அதே, கோட்டு மட்டும் வேறு.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டொக்டரம்மா முன்னாலேயே நான் சப்பாத்தைப் பிடுங்கினேன். உள்ளங்காலில் குண்டூசி குத்தி நிற்கிறது.

"அண்ணே, இது வலிக்கலையா?"

"எதுப்பா?"

"கால் மரத்துப் போச்சுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மரத்துப் போச்சான்னு யாரு கேட்டா? அம்மா குளிருதான்னுல்ல கேட்டாங்க."

டொக்டரம்மா தலையில் கை வைத்தார். அவர் ஊரில் விறைப்பென்றால் மரத்துப் போவதாம். இரண்டு பேரையும் ஒரே அறையில் பூட்டிவிட்டு பஸ் ஏறலாமா என்றிருந்தது எனக்கு.

அன்றைக்கே டொக்டரம்மா கொழும்பு ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே ஸ்கேன் எடுத்து, நரம்பில் துளி வெட்டிப் பார்த்தார்கள். பழைய புற்றுநோய்தான். கட்டியாக வராமல் கால் நரம்புக்குள்ளேயே பரவியிருந்தது.

"இது லேசில பிடிபடாது ஐயா. இன்னும் பிந்தியிருந்தா காலும் போயிருக்கும், ஆளும் போயிருக்கும்" என்றார் டொக்டரம்மா.

"உள்தையல்ல பூந்த பேன் மாதிரிங்களா?" என்று கேட்டார் அண்ணன். அதற்குப் பிறகு அன்று முழுக்க யார் கோட்டையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது வார்டில் மருந்தேற்றுகிறார்கள். போகும்போதெல்லாம் அவர் உள்ளங்காலை நகத்தால் கீறிப் பார்ப்பேன். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். போன வியாழக்கிழமை கீறினேன், காலை வெடுக்கென்று இழுத்தார்.

"மாட்டுப்பயலே, நகத்த வெட்டிட்டு வாடா."

வார்டென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். நகத்தை இன்னும் வெட்டவில்லை.