எங்கள் ஊர் ஆண்களுக்குக் கூரை இல்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நல்லரத்தினம் அவர்களுக்கு,

வாவிக்கரையிலிருந்து தாமோதரம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கச்சி சின்னத்தங்கம், இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். சுவிஸ் குளிரில் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொண்டேன். எழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசிக்க வேண்டாம், என்னுடையதுதான். மவுறீன் ரீச்சரின் மாலை வகுப்பில் இந்த வயதில் படித்தேன். ஒரு வரி எழுத ஒரு வாய் வெற்றிலை போகிறது. ஆனாலும் என்ன சந்தோசம், மச்சான்! நினைப்பதெல்லாம் தாளில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்தச் சந்தோசத்தைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். ஆனால் இங்கே நடந்த அதிர்ச்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் மீன் இறக்கும் துறையில் ஐஸ் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வியாபாரியின் லொறி பிந்தினால் இறால் மணக்கத் தொடங்கிவிடும். போன கிழமைகூட பிடித்ததை அப்படியே நாய்களுக்குக் கொட்டினோம், நாய்களும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. இப்படி இருக்கையில் வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த கம்சாயினி என்ற பிள்ளை ஒரு திட்டத்தோடு வந்தார். ஊரார் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்க வேண்டும், வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு பூட்ட வேண்டும், அந்த மின்சாரத்தில் துறையில் ஒரு ஐஸ் அறை ஓடும், எல்லாம் ஊராருக்கே சொந்தம் என்றார். கூட்டத்துக்கு ஆண்கள் நாங்கள் அத்தனை பேரும் போனோம். பெண்கள் பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றினார்கள். புதிதாக எழுதப் படித்தவன் என்று என்னைத் தலைவராக்கி மாலையும் போட்டார்கள். கூரை தர விருப்பமா என்று பிள்ளை கேட்டதும் நான் இரண்டு கையையும் தூக்கினேன். எல்லோரும் தூக்கினார்கள்.

"நல்லது ஐயா, வீட்டு உறுதிப் பத்திரம் ஆர்ர பேரில இரிக்கு? அவங்கதான் கையெழுத்து வைக்கணும்" என்றார் பிள்ளை.

தூக்கிய கையை இறக்க மறந்துபோனேன். நான் இருக்கும் வீடு, நீங்கள் சுவிஸ் போகுமுன் சவூதி வெயிலில் உழைத்து உங்கள் தங்கச்சிக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது அல்லவா? பக்கத்தில் சிவதர்ஷனைப் பார்த்தேன். "எனக்கும் பொஞ்சாதிட வீடுதான் அண்ணன்" என்றான். கலியாணம் முடிக்காத ஜெயந்தனாவது மிஞ்சுவான் என்று திரும்பினால், "அம்மாட வீடு, மறுகா அது தங்கச்சிக்குத்தானே போகும்" என்கிறான். மச்சான், ஓர் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் ஒரு கூரையும் இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம்! இது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சபையில் வைத்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. பின்னாலிருந்து அடுத்த வீட்டுப் புஸ்பத்தின் குரல் கேட்டது. "சீனி போதுமா, தலைவர்?"

அன்றிலிருந்து எனக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது என்று தேடினேன். வள்ளம் என்னுடையது. அதில் தகடு பூட்டலாமா என்று கேட்டேன். "நீங்க வள்ளத்தக் கொண்டு போனா ஐஸ் அறையும் பின்னால வரணுமே ஐயா" என்று பிள்ளை சிரித்தார். கோழிக்கூடு நானே கட்டியது. அதன் கூரையை அளந்துகொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து உங்கள் தங்கச்சி, "நிலம் என்ட, கோழியும் என்ட. கூடு மட்டும்தான் உங்கட. வேணுமெண்டாத் தூக்கிக்கொண்டு போங்க" என்றாள்.

அவளுக்கு விருப்பமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "இண்டைக்கு நல்ல வெயில்" என்று சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றாள். "சூரியன் சும்மாதானே எரியிது" என்றேன். "சோறு ஆறுது" என்றாள். இதைவிட ஒரு பெண் எப்படி மறுப்பாள்? மற்ற ஆண்களையும் விசாரித்தேன், எல்லா வீட்டிலும் இதே "ம்"தான். அடுத்த மாதத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடுமாம். ஐஸ் அறை போனால், மச்சான், இனி நாங்கள் நாய்க்குக்கூட உதவாத இறாலைத்தான் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். வீடு கட்டிக் கொடுத்த அண்ணன் சொன்னால் அவள் தட்ட மாட்டாள். ஒருமுறை ரெலிபோன் கோல் எடுத்துக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். கடுமையாகவே சொல்லுங்கள். யாராவது அழத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அழுவது நீங்களாகத்தான் இருக்கும்.

உங்கள் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும். மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
கூரையில்லாத உங்கள் மச்சான்,
தாமோதரம் (தலைவர்)

பி.கு.: கடித உறை தேடும்போது சின்னத்தங்கம் கண்டுவிட்டாள்.

"ஆருக்கு?"

"உன்ட அண்ணனுக்கு."

"என்னத்துக்கு?"

"உன்னக் கையெழுத்து வைக்கச் சொல்லச் சொல்லி."

கையை இடுப்பில் வைத்தாள். "கடல் தாண்டி அவருக்கு எழுதுறீங்க. இந்தா இரிக்கிற அடுப்படிக்கு வந்து என்னட்ட ஒருக்காக் கேட்டீங்களா?"

மச்சான், நான் கேட்கவேயில்லை! ஊரில் ஒருவனும் கேட்கவில்லை! நின்ற இடத்திலேயே கேட்டேன். "ஓம்" என்றாள். அவ்வளவுதான். "இறால் நாறினா என்ட சட்டியும்தானே காயும்" என்றாள். பிறகு வேலிக்கு அப்பால் பார்த்து, "இஞ்ச வா கா புஸ்பம், இந்த மனிசன் கேட்டுட்டார்!" என்று கூப்பிட்டாள். பொழுது சாயுமுன் எல்லாப் பெண்களும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அதோடு, கூரை உள்ளவர்கள்தான் சங்கம் என்றும் தீர்மானித்துவிட்டார்கள். இப்போது தலைவர் உங்கள் தங்கச்சி. எனக்குத் தகடுகளில் காக்கை எச்சம் துடைக்கும் பொறுப்பு.

ஆகவே கோல் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் குளிரைப் பற்றி மட்டும் பேசுங்கள். மேலே எழுதியதில் ஒன்றும் இனிச் செல்லாது. ஆனாலும் இவ்வளவையும் எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வரவில்லை, அனுப்புகிறேன்.