பச்சை விளக்கு எரிந்தால் போதும்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. உடம்பு கொதித்தால் மருந்து தேட மாட்டார்கள், வேறு தெர்மாமீட்டர் தேடுவார்கள். இவர்களுக்குப் பச்சை விளக்குக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர்களைப் பார்க்கக் காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டாம். தெருவுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர், கல்யாணம் பேசும் கூட்டத்துக்கு நாலைந்து பேர் தாராளமாகக் கிடைப்பார்கள். நல்ல கொழுத்த மாதிரி ஒன்று வேண்டுமென்றால், தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. தரம் பார்க்கிற அதிகாரி. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைத் தரத்தார் என்பார்கள்.

அந்தத் தொழிற்சாலையில், செய்து முடித்த மோட்டாரை இரும்பு மேசைமேல் இறுக்கிப் பூட்டி, அதன் உடம்பில் கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றை ஒட்டி ஓடவிடுவார்கள். மோட்டார் எவ்வளவு அதிர்கிறது என்று அது சொல்லிவிடும். அளவுக்குள் அதிர்ந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் உள்ளே ஏதோ கோணல் என்று அர்த்தம். தண்டு வளைந்திருக்கலாம், அதைத் தாங்குகிற பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கோணலைச் செய்த இயந்திரம் எது என்று தேடிப்போய்ச் சரிசெய்தால் நாளைக்குச் செய்கிற மோட்டார் ஒழுங்காக இருக்கும். மேசை வாங்கிப் போட்டது அதற்குத்தான்.

தரத்தார் அப்படி நினைக்கவில்லை. சிவப்பு விளக்கு என்பது அவரைப் பற்றி மேலிடத்தில் யாரோ சொல்லும் கோள். கோள் சொல்கிற வாயை அடைப்பதுதானே மானமுள்ளவன் வேலை?

"சார், மறுபடியும் சிவப்பு," என்பாள் மேசையில் வேலை செய்கிற பெண்.

"சென்சாரை எங்கம்மா ஒட்டினே?"

"எப்பவும் ஒட்டற இடத்துலதான் சார்."

"அதான் தப்பு. கொஞ்சம் அந்தப் பக்கமா ஒட்டு. இடுப்புலயே ஒட்டினா மோட்டாருக்குக் கூச்சமா இருக்காதா?"

அந்தப் பக்கம் ஒட்டியும் அடங்காவிட்டால், சென்சாருக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர். மெத்தையில் உட்கார்ந்த சென்சாருக்கு அதிர்வு பாதிதான் தெரியும். பச்சை எரியும். தரத்தார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளை முதல் பரிசு வாங்கியதைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாளடைவில் ரப்பர் அங்கேயே தங்கிவிட்டது.

இது அவரோடு தொடங்கியதில்லை, பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா, சுவரில் விரிசல் விட்டபோது அலமாரியை நகர்த்தி அதன்முன் வைத்தவர். விரிசல் அலமாரியைத் தாண்டியதும் பெரிய அலமாரி வாங்கினார். அப்பாவின் தங்கை, அதாவது தரத்தாரின் அத்தை, எடை மெஷினில் ஏறினால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்வாள். அந்த அத்தையின் மூத்த மகன் காது கேட்காமல் போனபோது, ஊரில் எல்லாரும் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று மெச்சிக்கொண்டு திரிந்தான். ரத்தம் எங்கே போகும்?

தரத்தார் தம் வீட்டு மாடித் தொட்டிக்கும் தொழிற்சாலை மோட்டார் ஒன்றைத்தான் கொண்டுவந்து வைத்தார். அது ஓடினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

"காது கிழியுதுங்க," என்றாள் மனைவி.

"நீ எங்க நின்னு கேக்கறே? இங்க, சமையலறை மூலைக்கு வா. கேக்குதா?"

"இங்க கேக்கலை."

"பாத்தியா?"

"அப்ப நான் ஆயுசு பூரா இந்த மூலையிலேயே நிக்கணுமா?"

அவரைப் பொறுத்தவரை அந்த மோட்டார் தேறிவிட்டது.

ஆனால் வெளியே வாங்குகிறவர்கள் சமையலறை மூலையில் நிற்கத் தயாராக இல்லை. தொழிற்சாலையின் பெரிய வாடிக்கையாளர் இரண்டு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். இனி அவர்கள் ஆள் நேரில் வந்து சோதிப்பார். தேறவில்லை என்றால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் மாலை ஷிப்ட் கிடையாது. மாலை ஷிப்டில் பெட்டி கட்டுகிறவன் தரத்தாரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. அவனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"என் தம்பி பொழைப்பு உங்க கையிலதான் இருக்கு," என்றாள் மனைவி. "மோட்டார்ல என்ன கோளாறோ, பாத்துச் சரி பண்ணிடுங்க."

"எதுக்கு இப்படிப் பயப்படறே? அதான் மாப்பிள்ளை இருக்கானே!"

மாப்பிள்ளை என்பது ஒரு மோட்டார். தொழிற்சாலை தொடங்கிய புதிதில், எல்லா இயந்திரமும் நேராக இருந்த காலத்தில் பிறந்தது. தரத்தாரின் அறையில், கண்ணாடி அலமாரியில், கம்பளி போர்த்திக்கொண்டு வாசம். யார் சோதிக்க வந்தாலும் மேசையேறுவது இவன்தான். யாரும் வராத நாளிலும், மனசு சரியில்லையென்றால், தரத்தாரே இவனை மேசையில் பூட்டி ஓடவிட்டுப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஊரார் மோட்டாரெல்லாம் வெளியே போய்த் தண்ணீர் இறைக்க, இவன் மட்டும் வருஷக்கணக்காகக் குலுங்கிக்கொண்டே இருந்தான்.

மச்சினன் ஒருநாள் கேட்டேவிட்டான். "அத்தான், வீட்டுக்கு வந்தா எனக்குக் கால் ஆடற நாற்காலி. இவனுக்குக் கம்பளி. நான் உங்களுக்கு மச்சினனா, இவனா?"

"அவன் ஒருநாளும் என்னைத் தலைகுனிய வெச்சதில்லடா," என்றார் தரத்தார்.

சோதிக்க வந்தவர் ஒல்லியான ஓர் அம்மாள். அதிகம் பேசவில்லை, கொடுத்த காபியையும் குடிக்கவில்லை. எப்போதும் இருக்கிற ரப்பர் மெத்தையோடு மாப்பிள்ளையை மேசையில் ஏற்றினார்கள். பச்சை. தரத்தார் மோட்டாரை நிறுத்தக் கை நீட்டினார்.

"இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்," என்றார் அம்மாள்.

ஓடியது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். ரப்பரையும் மீறிச் சிவப்பு. பார்த்தால் மேசையோடு பூட்டிய மாப்பிள்ளையின் கால் ஒன்றில் விரிசல். இரும்புதானே, எத்தனை குலுக்கல் தாங்கும்?

வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். தரத்தாருக்குப் பொறுக்கவில்லை. தம் பிள்ளையை யாரோ திருடன் என்று சொன்னதுபோல் துடித்துப்போனார்.

"இல்லீங்கம்மா! இது அப்படிப்பட்ட மோட்டாரே இல்ல! எத்தனை வருஷமா எத்தனை பேர் வந்து சோதிச்சிருக்காங்க! ஒவ்வொரு தடவையும் இதே மோட்டாரைத்தான் வைக்கறோம், ஒரு தடவைகூடச் சிவப்பு எரிஞ்சதில்ல!"

வாசலில் நின்ற மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்படியா?" என்றார் அம்மாள். "அப்ப மத்த மோட்டாரெல்லாம்?"

கட்டி வைத்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னார். ரப்பரைப் பிய்த்துப் போடச் சொன்னார். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. அடுத்தது ஓடிய ஓட்டத்தில், மேசையில் குடிக்காமல் வைத்த காபி நடந்துபோய்த் தரையில் விழுந்தது.

ஆர்டர் போயிற்று. மாலை ஷிப்டை மூடினார்கள். அதன்பிறகுதான் முதலாளி ஆள் வைத்துத் தேடினார். பேரிங்கை அழுத்திப் பொருத்துகிற இயந்திரம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. நிமிர்த்த எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? அரை நாள். அந்த அரை நாள் வேலையைச் செய்யச் சொல்லித்தான் சிவப்பு விளக்கு அத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தியது.

தரத்தார் திருந்தினாரா? மேசை பழசாகிவிட்டது, புது மேசை வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாடகை கொடுக்க முடியாத மச்சினன் பெண்டாட்டி பிள்ளையோடு அவர் வீட்டு முன்னறைக்கே வந்துசேர்ந்தான். மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். மச்சினனும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வந்து போயிற்று.

"வீடு இப்பத்தான் அமைதியா இருக்கு," என்று தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மேலதிகாரியாக இருக்கலாம், சம்பந்தியாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஒரு குறையைச் சொன்னாரே, அது உண்மையா பொய்யா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? அல்லது, "நீ சொல்ற விதம் சரியில்லை" என்றீர்களா?