இரண்டாம் வகுப்புப் பயறு விவகாரம்

கர்த்தருக்குள் அன்பும், கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் தேவ கிருபையால் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்கு வெளியே நிற்கிறது, காரணம் பின்னால் வரும். நீ மகள் வீட்டில் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பள்ளிக்கூடக் கமிட்டியின் தலைவி என்ற முறையில் நீ கேட்டது ஒரே கேள்வி: புதிதாக வந்த அறிவியல் டீச்சரை வைத்துக்கொள்வதா, சனிக்கிழமைக் கூட்டத்தில் அனுப்பிவிடுவதா? ஒரு வரியில் பதில் போதும் என்றாய். அக்கா, ஒரு வரியில் பதில் சொல்கிற பழக்கம் இருந்திருந்தால் நம் வீட்டில் எனக்கு ‘அறிக்கை’ என்று பட்டப்பெயர் வந்திருக்குமா? வகுப்பில் சத்தம் அதிகம் என்று பக்கத்து அறை டீச்சர் குறை சொன்னதும், நடுநிலையான ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவள் நீதான். நியாயமான தேர்வு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சோதித்து முத்திரை குத்தினவன் நான். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் என் சுண்டுவிரல்கூட எந்தத் தட்டிலும் பட்டதில்லை. அதே சுத்தத்தோடுதான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் பெஞ்சைப் பற்றி. அது ஏழு வயதுக்குச் செய்த பெஞ்சு. உட்காருவதற்கு என்னால் முடிந்தது, எழுந்திருப்பதற்குத்தான் பகலில் இரண்டு பிள்ளைகளும், சாயங்காலம் வாட்ச்மேனும் தேவைப்பட்டார்கள். டீச்சர் குள்ளமான பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு நீல வாளியில் போட்டுக்கொண்டு வருவதால் பிள்ளைகள் வைத்த பெயர் பக்கெட் டீச்சர். உள்ளே வந்தவுடன் ஒரு தகர டப்பாவை நீட்டுவாள், இருபத்துநாலு பிள்ளைகளும் தங்கள் ரப்பரை அதில் போட வேண்டும். முதல் நாள் அது காணிக்கை என்று நினைத்து நான் சட்டைப்பையைத் தடவினேன். “இல்லைங்க ஐயா, ரப்பர் மட்டும்தான். முதல்ல என்ன நடக்கும்னு நினைக்கிறோமோ அதை எழுதணும். அப்புறம் செஞ்சு பாக்கணும். நினைச்சது தப்பாப் போனா தப்பில்ல. அதை அழிக்கிறதுதான் தப்பு” என்றாள். நம் காலத்தில் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை போட்டதற்குத்தான் சுத்தம் என்று மார்க் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்குப் பாடம் மிதப்பது, மூழ்குவது. சாவி, கரண்டி, சீப்பு, ஒரு பையனின் செருப்பு எல்லாம் வாளிக்குள் போனது. பிறகு இருபத்துநாலு தலையும் என் பக்கம் திரும்பி, “தாத்தா, நீங்க என்ன தர்றீங்க?” என்றன. நான் மேற்பார்வைக்கு வந்த ஆள், கெத்தாக இருக்க வேண்டும் இல்லையா? ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றி, “இது தண்ணிக்கெல்லாம் அசையாது” என்று கொடுத்தேன். அசையவில்லைதான். நேராக அடியில் போய் உட்கார்ந்தது, மூன்றேகால் மணியோடு நின்றும்விட்டது. எல்லா நோட்டிலும் ‘தாத்தா வாட்ச்: மூழ்கும்’ என்று இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார். டீச்சர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அதை இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தேன். பலனில்லை.

அடுத்த வாரம் போதகர் காலை ஜெபத்தில் நோவாவின் கதை சொன்னார், வானவில் வரை சொன்னார். வகுப்புக்கு வந்ததும் டீச்சர் வாளித் தண்ணீரில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்க, ஜன்னல் வெயில் பட்டுச் சுவரில் ஏழு நிறமும் விழுந்தது. அப்போது வராந்தாவில் போன போதகரின் வெள்ளை அங்கியிலும் விழுந்தது. மனிதர் அசையாமல் நின்றுகொண்டு தன் வயிற்றையே பார்த்தார். எதற்கெடுத்தாலும் ‘அதெப்படி’ என்று கேட்கிற ஒரு சிறுமி அங்கே உண்டு, பெயரே அதெப்படிதான். அவள் எழுந்து, “அதெப்படி டீச்சர்? வானவில் கடவுள் வச்சதுன்னு ஐயா சொன்னாரே, நீங்க பக்கெட்ல இருந்து எடுக்குறீங்க?” என்றாள். போதகர் என்னைப் பார்த்தார், நான் போதகரைப் பார்த்தேன். டீச்சர் மட்டும் நிதானமாக, “அவர்தான் வச்சார். எப்படி வச்சிருக்கார்னு கிட்டப் போய்ப் பாருங்கன்னுதான் நமக்குக் கண்ணையும் வச்சார்” என்றாள். போதகர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அக்கா, அறுபத்துமூன்று வருடமாகக் கோயிலுக்குப் போகிறேன். அன்றைக்கு அந்தச் சின்ன பெஞ்சில்தான் முதல் தடவையாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இதை வெட்கமில்லாமலே எழுதுகிறேன்.

இப்போது பயறு விவகாரம். பாடகர் குழு மாஸ்டர் உனக்குப் போன் செய்து, “அந்தப் பொண்ணு கர்த்தரைச் சோதிக்கிறா” என்று கத்தினாராமே. அதைத் தொடங்கி வைத்ததே அவருடைய பேரன்தான். இரண்டு டம்ளரில் ஈரப் பஞ்சு வைத்துப் பயறு போட்டிருந்தாள் டீச்சர். ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைப்பதாக ஏற்பாடு. பேரன் எழுந்து, “வேணாம் டீச்சர், ஒண்ணுக்கு ஜெபம் பண்ணுவோம், ஒண்ணுக்குப் பண்ண வேணாம். எங்க தாத்தா ஜெபம் பண்ணினா எல்லாம் நல்லா வளரும்னு சொல்லியிருக்கார்” என்றான். வகுப்பே கைதட்டியது. டீச்சர் அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு, “சரி. ஆனா கடவுளுக்கு மார்க் போடுறதுக்கு நமக்கு வயசு பத்தாது. நாம என்னென்ன செஞ்சோம்னு மட்டும் எழுதுவோம். தினமும் ரெண்டுக்கும் ஒரே ஒரு ஸ்பூன் தண்ணி, லீடர்தான் ஊத்தணும்” என்றாள். இடது டம்ளர் ஜெபம் உள்ளது, வலது டம்ளர் ஜெபம் இல்லாதது என்று சீட்டு ஒட்டினார்கள். ஜன்னலோரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

ஐந்தாம் நாள் வலது டம்ளரில் பயறு முளைத்து இரண்டு விரல் உயரம் நிற்கிறது. இடது டம்ளரில் இருந்து நாற்றம் வருகிறது. பஞ்சு நொதநொதவென்று, பயறு கறுத்து. மாஸ்டரின் பேரன் அதைப் பார்த்துவிட்டு அழுதான் பார், அது அடம் பிடிக்கிற அழுகையே இல்லை. “நான் சரியா ஜெபம் பண்ணலையா டீச்சர்? அவருக்கு என்னைப் பிடிக்கலையா?” என்று கேட்டான். நானாக இருந்தால் ஒரு மிட்டாயைக் கொடுத்து வாயை அடைத்திருப்பேன். டீச்சர் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “அழுது முடி கண்ணு. நான் இங்கேயே இருக்கேன். அப்புறம் நோட்டைப் பாப்போம்.”

நோட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். ‘நான் ஜெபம் பண்ணினேன். பாவமா இருந்துச்சு. என் பாட்டில் மூடியால ஒரு மூடி தண்ணி விட்டேன்.’ அடுத்த பிள்ளையும் ஒரு மூடி. அதற்கடுத்ததும் ஒரு மூடி. பத்தாவது ஆள் வாசிக்கும்போதே சிரிப்புக் கிளம்பிவிட்டது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஆளுக்கொரு மூடி ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் நோட்டில் மட்டும் ஒருத்தரும் மறைக்கவில்லை, கவனி. சிறுமி அதெப்படி விரல் விட்டு எண்ணி, “ஒரு ஸ்பூன், இருபத்துநாலு மூடி! நாம எல்லாரும் அன்பாச் சேந்து அதை மூழ்கடிச்சிட்டோம் டீச்சர்” என்றாள். பேரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப கடவுள் ஒண்ணும் பண்ணல, நாமதான்” என்றான். “அடுத்த தடவை என்ன செய்யலாம்?” என்று டீச்சர் கேட்டாள். “ஜெபம் பண்ணிட்டு, கைய கட்டிக்கிட்டுப் போயிடணும்” என்றான்.

அவன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம், “ஜெபம் பண்ணின பயறு அழுகிப்போச்சு” என்று ஆரம்பித்திருக்கிறான். மாஸ்டர் அடுத்த வரிக்குக் காத்திருக்காமல் போனை எடுத்துவிட்டார். பாட்டுப் பாடும்போதும் அவர் முதல் அடியை நீட்டுவார், இரண்டாவதை விட்டுவிடுவார். உனக்குத் தெரியாததா?

ஆகவே அக்கா, என் முடிவான கருத்து: இந்த டீச்சரை வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டரின் பேரன் இப்போது தினமும் தானாக ஜெபிக்கிறான், தானாக எண்ணவும் செய்கிறான். இரண்டையும் ஒரே பிள்ளைக்கு ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. சத்தம் உண்டுதான், அது யோசிக்கிற சத்தம். இடது டம்ளர் ஜெபம் குறைந்ததால் கெடவில்லை, தண்ணீர் கூடியதால்தான் கெட்டது. இது சோதித்து முத்திரை குத்தப்பட்ட உண்மை.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, கமிட்டிக் கூட்டத்துக்கு நல்ல மனநிலையையும் தருவாராக.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இதை எழுதுகிறேன். இன்று மத்தியானம் வகுப்பில் பெரிய அட்டையில் முடிவை எழுதினார்கள். ‘வலது டம்ளர்: யாரும் ஜெபம் பண்ணவில்லை’ என்று அதெப்படி கொட்டை எழுத்தில் எழுதினாள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முதல் தடவையாக யார் உதவியும் இல்லாமல் எழுந்தேன். விஷயம் இதுதான்: தினமும் சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பெஞ்சில் இருந்து என்னைத் தூக்க வாட்ச்மேன் வரும் வரை, அந்த வலது டம்ளர் அநாதையாக எதிரே நிற்கும். என்னால் பொறுக்க முடியவில்லை அக்கா. ஐந்து நாளும் அதற்காக நான் ஜெபித்தேன். சும்மா இல்லை, கண்ணீரோடு. தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை, ஆனால் தட்டில் விரல் பட்டுவிட்டது. மேலே நான் குத்திய முத்திரையை நீயே கிழித்துவிடு.

டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “அப்படிங்களா ஐயா? தேதி போட்டு எழுதிக் குடுங்க. திங்கட்கிழமை பிள்ளைங்க முன்னாடி நின்னு நீங்களே சொல்லணும். அப்புறம் முதல்ல இருந்து பயறு போடுவோம்” என்றாள். உள்ளே போய், “திங்கட்கிழமை தாத்தா ஒரு உண்மை சொல்வாரா, மாட்டாரா? எழுதுங்க” என்றாள். இருபத்துநாலு பேரும் ‘சொல்வார்’ என்று எழுதினார்கள். என் கையிலும் ஒரு தாளைத் திணித்தாள். பயத்தில் நான் ‘மாட்டார்’ என்று எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தையே கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் எங்கள் வகுப்பில் அழிக்கக் கூடாது.

என் அறிக்கை செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை நீங்கள் அவளை அனுப்பிவிட்டால், திங்கட்கிழமை நான் யார் முன்னால் போய் நிற்பேன் அக்கா?