தொட்டிக்குப் பத்து ஓட்டு

வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில் நின்றிருக்கிறேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அப்படியும் தோற்றேன். இதை வெளியில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் விடாமல் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டதால், இனி நானே சொல்வதில் நஷ்டமில்லை.

சிட்லபாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீடுகள், ஒரே மோட்டார். அதைப் போட எல்லோரும் மறப்பார்கள். போட்டவர் அணைக்க மறப்பார். ஒன்று, தொட்டி வறண்டு கிடக்கும்; இல்லாவிட்டால் மொட்டை மாடியிலிருந்து அருவி கொட்டும். இதற்காக ஒரு மென்பொருள் எழுதினேன். நீர்மட்டத்தைப் பார்த்து, போனில் மணியடித்துச் சொல்லும். பெயர் 'தொட்டி'. (என் கற்பனை வளம் அவ்வளவுதான்.) பதினைந்து வருடம் ஓ.எம்.ஆர். சாப்ட்வேர் கம்பெனிகளில் அடுத்தவர்களுக்காக எழுதிக் கொட்டியவன் நான். எனக்கென்று எழுதியது இது ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டேன். ஒருவரும் திருத்தவில்லை. (எடுத்துக்கொள்ளவும் இல்லை.) நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் அது அப்படியே செத்துப்போகுமே என்று உண்மையிலேயே கவலையாக இருந்தது.

அப்போதுதான் இன்குபேட்டர் பற்றித் தெரிய வந்தது. ஓப்பன் சோர்ஸ் ஆட்களே சேர்ந்து நடத்தும் ஒரு ஏற்பாடு. தனியாள் எழுதிய மென்பொருளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வழிகாட்டியைக் கொடுத்து, நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்படி வளர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எழுதியவன் போனாலும் மென்பொருள் நிற்கும். தொட்டி எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. விண்ணப்பித்த அன்றே ஆபீஸில் டமாரம் அடித்துவிட்டேன். ட்ரீட் எங்கே என்பதுகூட முடிவாகிவிட்டது.

சேர்ப்பதற்கு முன் வாக்கெடுப்பு உண்டு. எல்லோரும் படிக்கக்கூடிய பொது மின்னஞ்சல் பட்டியலில் மூன்று நாள் நடக்கும். சேர்க்கலாம் என்றால் பிளஸ் ஒன், வேண்டாம் என்றால் மைனஸ் ஒன், எந்தப் பக்கமும் இல்லை என்றால் ஜீரோ. விதிமுறைகள் பதினெட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் 'ஓட்டு' என்ற சொல்லைப் பார்த்ததுமே நான் மூடி வைத்துவிட்டேன். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஓட்டு வாங்க யாராவது சொல்லித்தர வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் கிளம்பினேன். சேலையூரில் பெரியப்பா, மேடவாக்கத்தில் அத்தை, கேளம்பாக்கத்தில் மனைவியின் அக்கா என்று வீடு வீடாகப் போய், ஆளுக்கு அரை கிலோ மிக்சர் கொடுத்து, அவர்களுடைய போனை வாங்கி நானே பட்டியலில் சேர்த்துவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தங்கையின் கணவர்தான் கொஞ்சம் இழுத்தார்.

"இன்னா மச்சான், இதுல எனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம் மாப்ள. பிளஸ் ஒன்னுனு போடு, போதும்."

"எதிர்ல யாரு நிக்கிறா?"

"யாரும் இல்ல."

"அப்பால எதுக்கு மிக்சரு?"

மிக்சரை வாங்கி உள்ளே கொடுத்தனுப்பிய பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்டார்.

திங்கட்கிழமைக்குள் பத்து ஓட்டு விழுந்துவிட்டது. அத்தை 'பிளஸ் ஒன், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?' என்று எழுதியிருந்தார். எங்கோ ஒரு தூர தேசத்தில் இருந்தபடி வாக்கெடுப்பை நடத்திய வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, தொட்டியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டிருந்தார். ஒருவரும் பதில் எழுதவில்லை. அவருக்குத் திருப்தியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்கி மனைவியின் அக்கா மட்டும்தான். உமா அக்கா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்தத் தேர்தல் வந்தாலும் ஏதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு அவர்தான் தலைமை அலுவலர். போன் செய்து ஞாபகப்படுத்தினேன். "ரூல்ஸ் படிச்சிட்டிருக்கேன் தம்பி. பதினோராம் பக்கம் வந்தாச்சு" என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீஸ் கேன்டீனில் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது அக்காவின் மடல் வந்தது. விண்ணப்பதாரர் தன் தங்கையின் கணவர் என்பதால் தன் ஓட்டு ஜீரோ என்று ஆரம்பித்திருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். கீழே ஓர் அட்டவணை. வரிசை எண், வாக்காளர் பெயர், விண்ணப்பதாரருக்கு என்ன உறவு. ஒன்று, மனைவி. இரண்டு, தாயார். இப்படியே பத்து பேர். ஏழாவதாக இருந்த பெரியப்பாவுக்கு நேரே ஒரு குறிப்பு: கண் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருப்பதால் இவருக்காக மருமகள் ஓட்டுப் போட்டிருக்கிறார், உடன் வந்தவரின் உறுதிமொழி இணைக்கப்படவில்லை.

முடிவுரை அதைவிட மோசம். பத்து பேரில் இந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர் வரிசை எண் ஒன்று மட்டுமே என்றும், தொட்டி நிறைந்தாலும் வறண்டாலும் ஒரே மணிதான் அடிக்கிறது என்று அவரும் தன்னிடம் குறைப்பட்டுக்கொண்டார் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'வாக்காளர்களுக்கு மிக்சர் வழங்கப்பட்டது. எனக்கும் வந்தது. பாக்கெட் பிரிக்கப்படவில்லை.'

காது சுட்டது. வாக்கெடுப்பை வேடிக்கை பார்க்கச் சொல்லி ஆபீஸ் ஆட்களை அந்தப் பட்டியலில் சேர்த்ததும் நான்தான். நாலு மேசை தள்ளி ஒருவன் சிரித்துப் புரையேறித் தண்ணீருக்குத் தடவிக்கொண்டிருந்தான். பாத்திரத்தை அப்படியே மூடிவிட்டு மாடிப்படிக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க?"

"உறவு இருந்தா சொல்லிடணும்னு பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கே தம்பி. நீங்க படிக்கலையா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் முடிவு வந்தது. உங்களுக்கு உறவில்லாத மூன்று பேர் இதில் கை வைத்த பிறகு மறுபடி வாருங்கள் என்று வழிகாட்டி மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது பத்தி எனக்கில்லை, அக்காவுக்கு. விதிமுறைகளைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஆளை இத்தனை வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறோம், வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்க நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அக்கா சனிக்கிழமைகளில் முடியும் என்று எழுதிவிட்டார். விண்ணப்பம் போட்டது நான், உள்ளே போனது அவர். ஒரு மாதம் அவர் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

ஆனால் அக்காவின் அட்டவணையைப் படித்துச் சிரித்தவர்களில் சிலர் தொட்டியையும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நிறைந்தால் ஒரு மணி, வறண்டால் ஒரு மணி என்று பிரித்துக் கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு பெண் தங்கள் ஹாஸ்டல் தொட்டிக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை பதினெட்டுப் பக்கத்தையும் படித்தேன், மிக்சர் வாங்கவில்லை. ஒன்பது பிளஸ் ஒன் விழுந்தது. அக்கா வழக்கம்போல ஜீரோ. தொட்டி உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த ஒன்பது பெயர்களையும் மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். யார் இவர்களெல்லாம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்போ சரி" என்றாள்.

தொட்டியை இப்போது ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஒரு மாதம் கவனிக்காவிட்டாலும் அது பாட்டுக்கு நடக்கிறது. வீட்டில்தான் என் செல்வாக்கு போய்விட்டது. சாம்பார் நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து பாராட்டினால்கூட, மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்:

"சொந்தக்காரங்க ஓட்டு செல்லாது."